செங்கல்லுக்குள் என் அண்டா

என் புருஷனைக் குழிக்குள் இறக்கிக்கொண்டிருந்த அதே நேரத்தில் என் எருவை வயலில் இறைத்துக்கொண்டிருந்தார்கள். தேவாலய மணி இன்னும் ஓயவில்லை. டிசம்பர் தூறலில் நனைந்துகொண்டு வீடு திரும்பினால், ஜெர்வாஸின் கூலியாட்கள் இரண்டு பேர் ஆவி பறக்கும் எருவைக் கவைக்கோலால் வாரி வாரி வீசுகிறார்கள். ஒருநாள், ஒரே ஒருநாள் பொறுக்கக் கூடாதா என்று எனக்கு வயிறு எரிந்தது. ஜெர்வாஸிடம் கேட்டேன். பெருமழைக்கு முன்னால் பரப்பிவிட்டால் மண்ணுக்கு நல்லது சித்தி என்றான். தொப்பியில் கறுப்புத் துணி கட்டியிருந்தான், முகத்தையும் அதற்கேற்றபடி தொங்கப் போட்டிருந்தான்.

ஜெர்வாஸ் என் புருஷனின் முதல் தாரத்துப் பிள்ளை. நான் வையர்டு வீட்டுக்குள் காலெடுத்து வைத்தபோது பால் பல் விழுந்துகொண்டிருந்த பொடியன். அவனுக்குச் சட்டை தைத்தவள் நான், அம்மை வந்தபோது பக்கத்தில் படுத்தவள் நான். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத பிள்ளை என்று ஊரே சொல்லும். அதெல்லாம் நன்றாகவே கடிப்பான். நேரம் பார்த்துக் கடிப்பான், அவ்வளவுதான்.

என் புருஷன் ரால்ஃப் வையர்டு சொந்த நிலத்தை உழுது, யாருக்கும் கைகட்டாமல் சாப்பிட்ட குடியானவர். சஃபோல்க் சீமையில் எங்கள் பக்கத்து மண் களிமண். மழை பிடித்தால் ஏர் இறங்காது. அந்த வருஷம் வானம் கறுப்பதைப் பார்த்துவிட்டு மனிதர் எல்லோரையும் விரட்டி ஊருக்கு முந்தி அறுவடையை முடித்தார். கடைசி வண்டியின் மேல் ஏறி நின்று கதிர்க்கட்டை அடுக்கும்போது வழுக்கி விழுந்தார். இடுப்பு நொறுங்கியது. மறுநாளே மழை கொட்டி, மற்றவர்கள் தானியம் எல்லாம் வயலிலேயே முளைகட்டிப் பூஞ்சை பிடித்தது. எங்கள் தானியம் மட்டும் களஞ்சியத்தில் கல்லுக் கல்லாக இருந்தது. அதற்கு விலை அவருடைய இடுப்பு.

படுத்த கொஞ்ச நாளிலேயே உயில் எழுதப் பாதிரியார் வந்தார். என்னைக் கீழே போய்ப் பாதிரியாருக்குச் சூடான பாலில் பீர் கலந்து எடுத்துவரச் சொன்னார் என் புருஷன். ஜெர்வாஸ் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தான். அவனை யாரும் பால் காய்ச்ச அனுப்பவில்லை. நான் கிண்ணத்தோடு மேலே வந்தபோது காகிதத்தின் மேல் மணல் தூவி மையை உலர்த்திக்கொண்டிருந்தார்கள். என்ன எழுதியது என்று நான் கேட்கவில்லை. உயிரோடு இருக்கிற மனிதனிடம் அதைக் கேட்கிற வழக்கம் எங்கள் பக்கம் பெண்களுக்கு இல்லை.

அடக்கம் முடிந்த பிறகுதான் பாதிரியார் படித்துக் காட்டினார். ஆத்துமா ஆண்டவருக்கு, உடம்பு மண்ணுக்கு. வீடும் நிலமும், அவற்றோடு பொருந்தி நிற்பது எல்லாமும் மகன் ஜெர்வாஸுக்கு. மனைவிக்கு மூன்று பசு போக மற்ற மாடுகளும் அவனுக்கு. வீட்டிலும் முற்றத்திலும் களஞ்சியத்திலும் வயலிலும் இருக்கிற அசையும் பொருள் எல்லாம் அன்பு மனைவி மார்ஜரிக்கு. அவள் மறுமணம் செய்யாமல் இருக்கும்வரை மாடி அறையில் தங்கிக்கொள்ளலாம், சமையல்கட்டு நெருப்புக்கு வந்துபோக அவளுக்கு உரிமை உண்டு.

நெருப்புக்கு வந்துபோக உரிமை! அந்த நெருப்பை இத்தனை வருஷம் விடியுமுன் எழுந்து மூட்டியது யார்? சாம்பல் அள்ளியது யார்? செத்த மனிதர் மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். நான் பட்டேன், இன்றைக்கும் படுகிறேன். எனக்குக் கொடுத்ததாகச் சொன்ன ஈயத் தட்டுகள், துப்பட்டிகள், செப்பு அண்டா, இத்தனையும் என் அப்பா வீட்டிலிருந்து என்னோடு வண்டியில் வந்தவை. கல்யாணம் முடிந்து தேவாலய வாசலைத் தாண்டியதும் பெண்ணுடையது எல்லாம் புருஷனுடையது என்பது எங்கள் நாட்டுச் சட்டம். என் பொருளையே எனக்குத் தானம் செய்துவிட்டுப் போயிருக்கிறார் அந்தப் புண்ணியவான்.

ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு கணக்குப் போட்டேன். மூன்று பசு இருக்கிறது, அண்டா இருக்கிறது. பக்கத்து நிலக்காரர் சைமன் டவ்ஸியின் குடிசை ஒன்று ஊர்ப்புறத்துப் புல்வெளி ஓரம் காலியாகக் கிடந்தது. அங்கே போய்ப் பாலாடைக்கட்டி செய்து, வெண்ணெய் கடைந்து ஹேல்ஸ்வொர்த் சந்தையில் விற்றால் என் பாடு கழியும். எவன் வீட்டு நெருப்புக்கும் வந்துபோக வேண்டாம். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அதற்கு அண்டா வேண்டும். என் அப்பா செம்புக் கொல்லரிடம் சொல்லிச் செய்த அண்டா அது, மூன்று இரும்புக் கால் வைத்தது, கன்றுக்குட்டியை உள்ளே நிறுத்திக் குளிப்பாட்டலாம். பாலை இளஞ்சூடாக்கி உறையவிட அது இல்லாமல் முடியாது. புதிதாக ஒன்று வாங்க என் மூன்று பசுவையும் விற்றாலும் போதாது.

எங்கள் ஊர் வழக்கப்படி, ஒருவர் செத்தால் அக்கம்பக்கத்துப் பெரியவர்கள் இரண்டு பேர் வந்து அறை அறையாக நடந்து, இருக்கிற அசையும் பொருளையெல்லாம் பட்டியல் போட்டு மதிப்புச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுக்குக் காட்ஃப்ரி பெக்கும் சைமன் டவ்ஸியும் வந்தார்கள். காட்ஃப்ரி வாய் ஓயாதவர். சைமன் பேசமாட்டார், எழுதுவார். நான் சாவிக் கொத்தோடு முன்னால் போனேன். ஜெர்வாஸ் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு எங்களுக்குப் பின்னால் வந்தான்.

கூடத்து அலமாரியை மதிப்புப் பார்க்கக் காட்ஃப்ரி பிடித்து இழுத்தார். அது அசையவில்லை. குனிந்து பார்த்தால், பின்பலகை வழியாகச் சுவர்த் தூணுக்குள் நாலு ஆணி. தலை இன்னும் பளபளவென்று இருந்தது. ஆடிக்கொண்டிருந்தது, அதனால் அடித்தேன் என்றான் ஜெர்வாஸ். நீளப் பெஞ்சைத் தொட்டார், அதுவும் தரையோடு ஆணியில் நின்றது. அதுவும் ஆடியதாம். ஆணி அடித்தது வீட்டோடு பொருந்தியது, வீட்டோடு பொருந்தியது வீட்டுக்காரனுக்கு.

காட்ஃப்ரி நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "ஏம்ப்பா, உன் பொண்டாட்டியையாவது ஆணி அடிக்காம விட்டிருக்கியா?"

ஜெர்வாஸ் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அதற்குள் எனக்குச் சமையல்கட்டு ஞாபகம் வந்துவிட்டது.

அக்டோபரில் இவன் ஒரு கொத்தனாரைக் கூட்டிவந்தான். அண்டாவைச் சுற்றிச் சுவரோடு சேர்த்துச் செங்கல் அடுப்பு கட்டிவிட்டால் விறகு பாதிதான் ஆகும், உங்களுக்கும் குனிந்து குனிந்து இடுப்பு வலிக்காது சித்தி என்றான். மேலே அவன் அப்பா வலியில் முனகிக்கொண்டிருந்த நேரத்திலும் என் இடுப்பை நினைத்தானே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. கொத்தனாருக்கு வேளாவேளைக்கு ரொட்டியும் பன்றி இறைச்சியும் வைத்தேன். பீர் ஊற்றினேன், அந்த அண்டாவிலேயே காய்ச்சிய பீர். என் அண்டாவைப் புதைக்க வந்தவனுக்கு நானே விருந்து வைத்திருக்கிறேன்.

காட்ஃப்ரி செங்கல்லை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். அவருக்குச் சொல்லவே சங்கடமாக இருந்தது. "செங்கல்லுக்குள்ள போயிடுச்சே மார்ஜரிம்மா. இனி இது பாத்திரமில்ல, வீடு."

"எங்கப்பா அதுக்கு மூணு கால் வெச்சுக் குடுத்தார் அண்ணே. கால் வெச்ச பொருள் எப்படி வீடாகும்?" என்றேன்.

சைமன் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி ஜெர்வாஸைப் பார்த்தார். ஜெர்வாஸ் ஜன்னலைப் பார்த்தான். சைமன் எழுதவில்லை. சாவிக் கொத்தை அவன் மூஞ்சியில் விட்டெறிய என் கை துடித்தது. எறிந்திருப்பேன். ஆனால் உயிலை நிறைவேற்றும் பொறுப்பையும் அவர் என் பெயரில்தான் எழுதியிருந்தார், வந்தவர்கள் முன்னால் பைத்தியக்காரி என்று பெயர் வாங்கினால் இருக்கிறதும் போய்விடும்.

முற்றத்துக்கு வந்தோம். எருமேடு இருந்த இடத்தில் ஈரத் தரை. காட்ஃப்ரி மூக்கை உறிஞ்சிக்கொண்டு வயல் பக்கம் பார்த்தார். அப்போதுதான் எனக்கு அதுவும் விளங்கியது. மேடாகக் கிடந்தால் எரு அசையும் பொருள், என்னுடையது. பரப்பிவிட்டால் அது நிலம், அவனுடையது. அப்பனுக்கு மணி அடிக்கும்போது பரப்பியிருக்கிறான். அன்றைக்கு விட்டால் மறுநாள் யாராவது பார்த்து எழுதிவிடுவார்களே.

அடுத்தது பயிர். எங்கள் பக்கம் வயலில் நிற்கிற பயிரையும் பட்டியலில் சேர்ப்பார்கள். புல்லும் மரமும் நிலத்தோடு போகும். மனிதன் உழுது விதைத்தது மண்ணில் வேர்விட்டு நின்றாலும் அசையும் பொருள்தான், விதைத்தவனின் பெட்டி படுக்கையோடு சேர்த்து எழுதுவார்கள். என் புருஷன் உயிரோடு இருக்கும்போது விதைத்த கோதுமை என்றால் அது எனக்கு வரும். வேலியோரம் போய் நின்றோம். டிசம்பரில் பச்சையாக விரல் நீளம் நிற்க வேண்டிய கோதுமையைக் காணோம். அறுத்த தாளின் அடிக்கட்டை அப்படியே கிடந்தது, மேலே என் எரு.

"விதைக்கலையா?" என்றார் காட்ஃப்ரி.

"அப்பா இருக்கும்போது விதைச்சா அது யாருக்குப் போகும்னு உங்களுக்குத் தெரியாததா?" என்றான் ஜெர்வாஸ். கெட்டிக்காரத்தனத்தைப் பாராட்டுவார்கள் என்று எதிர்பார்த்தது அவன் முகத்தில் தெரிந்தது.

என் புருஷன் படுக்கையில் கிடந்த அத்தனை நாளும், கண் விழித்ததும் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று. கோதுமை விதைத்தாயிற்றா? முதலில் மண் ஈரம் என்றான் இவன். அக்டோபர் கடைசியில் ஆயிற்று அப்பா என்றான். பிறகு முளைத்துவிட்டது என்றான். நல்ல பச்சையாக நிற்கிறது என்றான். மேல்வயலில் அடர்த்தி எப்படி என்று கேட்டால் அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தான். வீட்டு வேலையும் நோயாளியுமாகக் கிடந்த நான் வயல் பக்கம் போனவள் இல்லை, நானும் நம்பினேன். அப்பா எப்போது சாவார் என்று காத்துக்கொண்டு இவன் விதையைக் கையில் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறான். அவரோ பிடிவாதக்காரர், பருவம் தாண்டும்வரை சாகவில்லை.

"உங்கப்பன் இல்லாத பயிரை நெனச்சு சந்தோஷமாச் செத்தாருடா. சாகப்போற மனுஷன்கிட்ட இப்படிப் பொய் சொன்ன வாய் உருப்படுமா?" என்றேன். இன்னும் என்னவெல்லாமோ சொன்னேன், அதையெல்லாம் இங்கே சொல்ல முடியாது. பேசாத சைமன்கூட ஒரு வார்த்தை சொன்னார், அது பாதிரியார் காதில் விழக் கூடாத வார்த்தை. ஜெர்வாஸ் மட்டும் அமைதியாக, மிச்சமிருப்பது களஞ்சியம்தானே, இருட்டுவதற்குள் முடித்துவிடலாம் என்றான்.

களஞ்சியத்தில் மண்வெட்டி, அரிவாள், சல்லடை, கம்பளி மூட்டை எல்லாம் எழுதினார்கள். மற்ற தானியம் எல்லாம் அதற்குள் சந்தைக்குப் போயிருந்தது, மூலையில் பலகை போட்டு உயரத்தில் விதை மூட்டைகள் அடுக்கியிருந்தன, கோதுமையும் பார்லியும். விழுவதற்கு முன்னால் என் புருஷன் தன் கையால் கதிர் கதிராகப் பொறுக்கிச் சேர்த்தது. ஜெர்வாஸ் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தாண்டிப் போனான். காட்ஃப்ரியும் தாண்டினார். அவர்கள் மேல் தப்பில்லை. எங்கள் ஆட்களுக்கு விதை ஒரு பொருளே இல்லை. பட்டினி கிடந்தாலும் தொடமாட்டோம், விற்கமாட்டோம். மூட்டையில் இருக்கும்போதே அது நிலத்தில் இருக்கிற மாதிரிதான். அப்படித்தான் அவன் புத்தியிலும் பதிந்திருந்தது. அலமாரிக்கு ஆணி அடித்தான், அண்டாவுக்குச் செங்கல் வைத்தான், எருவைப் பரப்பினான், விதையை மறந்துவிட்டான்.

நான் மூட்டைப் பக்கத்திலேயே நின்றேன். "காட்ஃப்ரி அண்ணே, இத ஒரு தடவ தூக்குங்க."

"எதுக்கும்மா?"

"தூக்குங்க, சொல்றேன்."

அவர் தூக்கினார். மூச்சு வாங்கினார்.

"அசையுதா?"

காட்ஃப்ரி என்னைப் பார்த்தார், சைமனைப் பார்த்தார். முகம் மெல்ல மலர்ந்தது. "அசையுதே," என்றார்.

"அப்ப எழுதுங்க சைமன் அண்ணே."

ஜெர்வாஸ் ஓடி வந்தான். அது விதை, அதை எழுதுகிற வழக்கமே இல்லை, நிலத்துக்கு உரியது என்றான். உன் அப்பா காலத்தில் விதைத்திருந்தாலே அது உன் சித்திக்குத்தான் போயிருக்கும், மூட்டையில் இருக்கிற தானியத்தை வீடு என்று சொல்ல அதைச் சுற்றிச் செங்கல் ஒன்றும் காணோமே என்றார் காட்ஃப்ரி. சைமன் எழுதினார். அவ்வளவு அழகாக அவர் எழுதி நான் பார்த்ததில்லை. பட்டியலில் ஏறியதை நான் எடுத்துப்போகும்வரை களஞ்சியச் சாவி என்னிடம் இருக்கலாம் என்றும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அந்தக் குளிர்காலத்தை எப்படிக் கழித்தேன் என்று கேட்காதீர்கள். மாடி அறையில் தண்ணீர்க் குடம் உறையும். கீழே இறங்கி வந்தால் ஜெர்வாஸின் பெண்டாட்டி பிரூடன்ஸ் தன் முக்காலியை நெருப்புக்கு நேர் முன்னால் போட்டுக்கொள்வாள். ஒருநாள் நான் பெஞ்சில் உட்காரப் போனேன். "உயில்ல வந்துபோகன்னுதான் எழுதியிருக்கு அத்தை. உக்காரன்னு எழுதல," என்றாள். நின்றபடியே கையைக் காய்ச்சிக்கொண்டு மேலே போனேன். போகும்போது என் அண்டாவைப் பார்த்தேன். அவள் அதில் தரை துடைக்கிற அழுக்குத் துணியை வேகவைத்துக்கொண்டிருந்தாள். களஞ்சியச் சாவியை இடுப்பில் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

பிப்ரவரி கடைசியில் பனி இளகியது. சுற்றுவட்டாரம் முழுக்கப் பார்லிக்கு ஏர் பூட்டினார்கள். ஜெர்வாஸும் உழுதான். விதைக்கு ஊர் ஊராக அலைந்தான். அந்த வருஷ மழையில் தப்பிய விதை அநேகமாக யாரிடமும் இல்லை. இருந்த ஓரிருவரும், அப்பன் சாகக் காத்திருந்தவன் என்று காட்ஃப்ரி சந்தை முழுக்கச் சொல்லிவைத்த கதையைக் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். ஒரு காலையில் நான் சைமனின் வண்டியைக் களஞ்சிய வாசலில் கொண்டுவந்து நிறுத்தினேன்.

ஜெர்வாஸ் வந்து சக்கரத்தைப் பிடித்துக்கொண்டான். "சித்தி, எங்க கொண்டுபோறீங்க?"

"ஹேல்ஸ்வொர்த்துக்கு. அசையும் பொருளாச்சே, அசையட்டும்."

முதலில் மிரட்டினான். பிறகு அப்பாவின் நிலம் தரிசாகக் கிடக்கலாமா என்றான். அப்பா என்ற வார்த்தையை அவன் வாயால் கேட்டதும் எனக்கு மறுபடியும் கொதித்தது. கடைசியில் என்ன வேண்டும் என்று கேட்டான்.

"என் அண்டா."

சரி, கொத்தனாரைக் கூப்பிடுகிறேன் என்றான். கொத்தனார் வேண்டாம் என்றேன். "நீயே உடை. உன் கையால. ஒரு கல் மிச்சம் இருக்கக் கூடாது."

உடைத்தான். பிரூடன்ஸ் பக்கத்தில் நின்று அழுதாள், அடுக்களை எல்லாம் புழுதி என்று. அவன் உடைக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே நான் களஞ்சியத்தைப் பூட்டிவிட்டுத் தேவாலயத்துப் பக்கம் போனேன். திரும்பி வந்தபோது அண்டா வெளியே வந்திருந்தது. கரி பிடித்து, காரை ஒட்டி, ஆனால் மூன்று காலும் அப்படியே. ஒன்று மட்டும் கொஞ்சம் வளைந்திருந்தது. சுவரில் பெரிய பொத்தல், அதன் வழியாகக் காற்று அடித்து நெருப்பு கூடம் முழுக்கப் புகையைக் கக்கிக்கொண்டிருந்தது.

அண்டாவை வண்டியில் ஏற்றினார்கள். என் துப்பட்டி, தட்டு எல்லாவற்றையும் அதற்குள்ளேயே வைத்தேன். பசு மூன்றையும் பின்னால் கட்டினேன். நெருப்புக்கு வந்துபோகிற உரிமையை இனி நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று பிரூடன்ஸிடம் சொன்னேன். ஜெர்வாஸ் ரத்தம் கசியும் கையை நீட்டினான், களஞ்சியச் சாவிக்காக.

"உங்கப்பா குழிமேட்டுல வெச்சிருக்கேன். போய் எடுத்துக்க," என்றேன். "எடுக்கும்போது கோதுமை விதைக்கலன்னு அவர்கிட்ட சொல்லிட்டு எடு."

வண்டி நகர்ந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் குழிமேட்டில் நின்று என்ன சொன்னானோ, சொன்னானோ இல்லையோ, எனக்குத் தெரியாது. போயிருக்கிறான் என்று மட்டும் தெரியும். ஏப்ரலில் காட்ஃப்ரி என் குடிசைக்குப் பாலாடைக்கட்டி வாங்க வந்தபோது, வையர்டு நிலத்தில் பார்லி என்னமாய் வந்திருக்கிறது, ஊரில் எவனுக்கும் அப்படி இல்லை என்று ஆச்சரியப்பட்டார். வராமல் என்ன செய்யும்? என் எரு அல்லவா?